பூட்டைத் திறந்த மேதை ஆலன் டூரிங்



நம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்களுக்கு மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் படிக்கிறவர்களுக்கும்கூட கம்ப்யூட்டர் பாதுகாப்பு கத்துக்கணும்னு ஒரு ஆசை இருக்கிறது. ஆனால் எங்கே ஆரம்பிக்கிறது என்பதில்தான் குழப்பம். லட்ச ரூபாய் லேப்டாப் வேணும் என்கிறான் ஒருவன். ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் போட்டால் ஊரான் பாஸ்வேர்டெல்லாம் வந்து கொட்டிடும் என்கிறான் இன்னொருவன். பெங்களூரு போய்க் கோர்ஸ் படிச்சாத்தான் உண்டு என்கிறான் மூன்றாமவன். இந்த மூன்று பேருக்கும் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. பேப்பரும் பென்சிலும் கைத்தொழிலும் வைத்து உலகத்தின் பெரிய பூட்டு ஒன்றைத் திறந்தவர் அவர். பெயர் ஆலன் டூரிங்.

வெள்ளைக்காரனைப் பற்றி எதுக்குப்பா கட்டுரை என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். எங்க ஊர் காமயகவுண்டன்பட்டியில் காந்திக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். அதே கம்பம் பள்ளத்தாக்கில்தான் 1895-இல் பெரியாறு அணையை முடித்துக் கொடுத்த பென்னிகுக்குக்கும் பொங்கல் வைக்கிறார்கள். ஆட்சியை எதிர்ப்பது வேறு, உழைத்தவனை மதிப்பது வேறு என்று நம் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதுவும் போக, டூரிங்குக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொப்புள்கொடி உறவே உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போத்தனூர் தாய்

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூர் ரயில்வே ஜங்ஷனை நம்மில் பலர் பார்த்திருப்போம். டூரிங்கின் தாயார் ஈத்தல் சாரா ஸ்டோனி 1881-இல் பிறந்தது அந்தப் போத்தனூரில்தான். அவருடைய அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமை இன்ஜினீயர். பாலமும் பாதையும் போட்ட மனிதர். அந்தக் குடும்பம் குன்னூரில் வீடு வைத்திருந்தது. டூரிங்கின் அண்ணன் ஜான் 1908-இல் பிறந்தது குன்னூரில்.

அப்பா ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. இன்றைக்கு ஒடிசாவில் இருக்கும் சத்ரபூர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஈத்தல் மறுபடி கர்ப்பமானார். பிரசவத்துக்கு இங்கிலாந்து போனார்கள். 1912 ஜூன் 23-ஆம் தேதி லண்டனில் ஆலன் பிறந்தார்.

குழந்தைக்கு ஒண்ணேகால் வயசு ஆனபோது தாயார் கணவரோடு இருக்க இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். ஆலனும் அண்ணனும் இங்கிலாந்தின் தென்கடலோரத்தில் ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வீட்டில் வளர்ந்தார்கள். அம்மா அப்பா கப்பலில் வருவார்கள், சில மாதம் இருப்பார்கள், திரும்பிப் போவார்கள். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் நம்மில் எத்தனை பேர் தலையணையை நனைத்தோம்? அந்தப் பையனுக்குப் பால்குடி வயசு தாண்டினதிலிருந்தே அப்படித்தான்.

பள்ளியும் நண்பனும்

1926-இல் ஷெர்போர்ன் என்ற பள்ளியில் சேர வேண்டும். அன்றைக்குப் பார்த்து இங்கிலாந்து முழுவதும் வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. பதிமூன்று வயசுப் பையன் சைக்கிளை எடுத்தான். வழியில் ஒரு சத்திரத்தில் ராத்தங்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான். கம்பத்திலிருந்து மதுரைக்கு மிதிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் நல்ல பெயர் கிடைத்ததா என்றால் அதுதான் இல்லை. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். லத்தீன், இலக்கியம் எல்லாவற்றிலும் பின்தங்கல். கணக்கில் மட்டும் வாத்தியார் சொல்லித்தராத வழியில் விடை எழுதி வைப்பான். விஞ்ஞானமே கதி என்றிருக்கிற இந்தப் பையன் இந்தப் பள்ளியில் இருப்பதே வீண் என்கிற தொனியில் தலைமையாசிரியர் வீட்டுக்கு எழுதினார். மார்க் ஷீட் பார்த்து மனசு ஒடிந்து போகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கவும்.

அங்கே அவருக்கு ஒரே ஒரு உயிர் நண்பன் கிடைத்தான், கிறிஸ்டோபர் மோர்காம். கணக்கும் வானசாஸ்திரமும் பேசித் தீராத நட்பு. 1930 பிப்ரவரியில் காசநோய் அந்த நண்பனைக் கொண்டுபோய்விட்டது. டூரிங் அந்த அடியிலிருந்து எழுந்தது படிப்பைப் பிடித்துக்கொண்டுதான். மனம் என்பது என்ன, உடம்பு போனால் அது எங்கே போகிறது என்று யோசிக்கத் தொடங்கியவர், கடைசி வரைக்கும் அந்தக் கேள்வியை விடவில்லை. எந்திரம் சிந்திக்குமா என்று பிற்காலத்தில் அவர் கேட்ட கேள்விக்கு வேர் இங்கேயும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேம்பிரிட்ஜில் அவர் ஆசைப்பட்ட டிரினிட்டி கல்லூரியின் உதவித்தொகை கிடைக்கவில்லை. கிங்ஸ் கல்லூரியில் கிடைத்தது. 1931-இல் சேர்ந்தார். 1935-இல், 22 வயசில், அதே கல்லூரியின் ஃபெலோ ஆனார்.

காகிதத்தில் செய்த கம்ப்யூட்டர்

1936-இல் டூரிங் எழுதிய ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை இன்றைய கம்ப்யூட்டரின் பிறப்புச் சான்றிதழ் என்றால் மிகையாகாது. அதில் அவர் ஒரு கற்பனை எந்திரத்தை விவரித்தார். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நீள நாடா. ஒரு நேரத்துக்கு ஒரு கட்டத்தைப் படிக்கும், எழுதும், அழிக்கும் ஒரு தலை. எந்த நிலையில் எதைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு விதிப்பட்டியல். அவ்வளவுதான் எந்திரம். அந்த விதிப்பட்டியலையே நாடாவில் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே எந்திரம் வேறு எந்த எந்திரத்தின் வேலையையும் செய்யும் என்று காட்டினார். இன்றைக்கு நம் சட்டைப்பையில் இருக்கும் போன் பாட்டும் பாடுது, கணக்கும் போடுது, பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுக்குது என்றால் அதன் தத்துவம் இதுதான்.

பாதுகாப்பு படிக்க நினைக்கிறவர்கள் இங்கேயே இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளலாம். ஒன்று, கட்டளையும் தகவலும் ஒரே நாடாவில், ஒரே நினைவகத்தில் இருக்கின்றன. படம், கடிதம் என்று நம்பி நாம் திறக்கிற ஃபைலுக்குள் கட்டளையை ஒளித்து வைக்க முடிவது அதனால்தான். இரண்டு, எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் அது கடைசியில் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் பொதுவான முறை கிடையாது. இது அந்தக் கட்டுரையிலிருந்து கிளைத்த முடிவு. அதே வழியில் போய், எல்லா வைரஸையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் ஆன்டி-வைரஸ் செய்யவே முடியாது என்று ஃபிரெட் கோஹன் 1980-களில் காட்டினார். ஆகவே நூறு சதவீதப் பாதுகாப்பு என்று விளம்பரம் பண்ணினால் நம்ப வேண்டாம்.

1936 முதல் 1938 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் என்பவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்தார். நமக்குப் பிடித்த சம்பவம் அங்கேதான். ரகசியச் செய்தியை எண்ணாக மாற்றி, இன்னொரு ரகசிய எண்ணால் பெருக்கி அனுப்பலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. அதற்குப் பெருக்கும் மெஷின் வேணும். கடையில் கிடைக்காது. பௌதிகத் துறை ஒர்க்ஷாப்பின் சாவியை ஒரு நண்பரிடம் வாங்கி, ரிலேக்களைத் தானே செய்து, மெஷினின் முதல் பகுதிகளை ஓட வைத்துவிட்டார். தியரியில் மேதையான மனிதர் லேத்துக்கும் சால்டரிங்குக்கும் பின்வாங்கவில்லை. ஒர்க்ஷாப் பீரியடைக் கட் அடிக்கிற நண்பர்கள் கவனிக்க!

எனிக்மா என்னும் பூட்டு

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. க, ங, ச, ஞ என்று போகும் நம் பதினெட்டு மெய் வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் அடுத்த எழுத்தைப் போடுங்கள். கம்பம் என்பது ஙய்மய் என்று ஆகிவிடும். பார்த்தால் ஒண்ணும் புரியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பதினேழு விதமாகத்தான் நகர்த்த முடியும், எல்லாவற்றையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். அதோடு, கம்பத்தில் ம் இரண்டு முறை வந்ததால் ரகசியத்திலும் ய் இரண்டு முறை வருகிறது. குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

இந்தக் குட்டை மறைக்கத்தான் எனிக்மா மெஷின். ஆர்தர் ஷெர்பியஸ் என்ற ஜெர்மானியர் 1918-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பின்னால் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்டது. பார்க்க ஒரு டைப்ரைட்டர் பெட்டி. 26 எழுத்துக் கட்டைகள், 26 சின்ன பல்புகள், ஒரு பேட்டரி. ஒரு கட்டையை அழுத்தினால் கரண்ட் முன்பக்கப் பிளக் போர்டு வழியாகப் போய், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வயர் போட்ட மூன்று சக்கரங்களைத் தாண்டி, கடைசியில் ஒரு திருப்பித் தகட்டில் மோதி, வேறு பாதையில் அதே சக்கரங்கள் வழியாகத் திரும்பி வந்து ஒரு பல்பை எரிய வைக்கும். எரிகிற எழுத்துதான் ரகசிய எழுத்து. ஒவ்வொரு அழுத்தலுக்கும் சக்கரம் ஒரு படி நகரும், மோட்டார் சைக்கிள் கிலோமீட்டர் மீட்டரில் எண் உருளுகிற மாதிரி. ஆகவே ஒரே எழுத்தை மூன்று தரம் அடித்தால் மூன்று வேறு எழுத்து வரலாம். செய்தி வாங்குகிறவர் அதே செட்டிங்கில் தன் மெஷினை வைத்து ரகசியத்தை அடித்தால் மூலச் செய்தி வந்துவிடும்.

சக்கரங்களின் நிலை 26 பெருக்கல் 26 பெருக்கல் 26, அதாவது 17,576. ஐந்து சக்கரத்தில் மூன்றை எடுத்து வரிசைப்படுத்த 60 வழி. பிளக் போர்டில் பத்து ஜோடி வயர் போட 150 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள். எல்லாம் பெருக்கினால் 159-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வரும். செட்டிங் தினமும் மாறும். இதை எவன் உடைப்பான் என்று ஜெர்மன் தளபதிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

உடைத்த விதம்

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்துக்காரர்கள். மரியன் ரெயெவ்ஸ்கி என்ற கணித இளைஞர் 1932 டிசம்பரிலேயே அதன் உள்வயரிங்கைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார். ஸிகால்ஸ்கி, ருஸிட்ஸ்கி இருவரும் அவருக்குத் துணை. 1939 ஜூலையில், யுத்தம் வாசலுக்கு வந்தபோது, தங்கள் வித்தை முழுவதையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் தந்தார்கள். அந்த விதை இல்லாவிட்டால் மரம் இல்லை.

1939 செப்டம்பர் 4-ஆம் தேதி, யுத்தம் அறிவித்த மறுநாள், டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கண்டது இதுதான். எத்தனை பூஜ்யம் போட்ட பூட்டானாலும் அதற்கு ஒரு உருவக் குறையும், பூட்டுகிறவனுக்கு ஒரு பழக்கமும் இருக்கும்.

உருவக் குறை என்ன? திருப்பித் தகடு இருப்பதால் எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக வராது. பழக்கம் என்ன? ஜெர்மானியர்கள் தினமும் காலையில் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் வானிலை என்ற சொல் கட்டாயம் இருக்கும். அதே மரியாதைச் சொற்கள், அதே பதவிப் பெயர்கள் வேறு. போதாததற்குச் சில ஆபரேட்டர்கள் சோம்பல்பட்டு, செட்டிங் எழுத்துகளாகக் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளையோ காதலி பெயரையோ போட்டார்கள். இன்றைக்கு நம்மாட்கள் 123456 என்றும் பிறந்த தேதி என்றும் பாஸ்வேர்டு வைக்கவில்லையா, அதே கதைதான்!

நோட்டை எடுங்கள், நாமும் செய்து பார்ப்போம். கிடைத்த ரகசியம் ம, த, க, ர, ப, ல என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மதுரை என்ற சொல் இருக்கும் என்பது நம் ஊகம். மெய்யெழுத்தாகப் பார்த்தால் ம, த, ர. முதல் இடத்திலிருந்து அடியில் எழுதினால் ம-வுக்கு நேரே ம வருகிறது. எந்த எழுத்தும் அதுவாக வராது என்பதால் அந்த இடம் கிடையாது. ஒரு இடம் தள்ளி எழுதினால் ர-வுக்கு நேரே ர. அதுவும் போச்சு. மூன்றாம் இடத்திலிருந்தும் நான்காம் இடத்திலிருந்தும் எழுதினால் மோதல் இல்லை. நான்கு இடத்தில் இரண்டை எந்த மெஷினும் இல்லாமலே தள்ளிவிட்டோம். பிளெட்ச்லியில் நூற்றுக்கணக்கானவர்கள் பென்சிலோடு உட்கார்ந்து தினமும் செய்த வேலைகளில் இது ஒன்று.

மிச்ச வேலைக்கு டூரிங் வடிவமைத்த மெஷின்தான் பாம். பெயரைக் கேட்டு வெடிகுண்டு என்று நினைக்க வேண்டாம், போலந்துக்காரர்கள் தங்கள் பழைய மெஷினுக்கு வைத்த பொம்பா என்ற பெயரிலிருந்து வந்தது. ஏழடி அகலம், ஆறரை அடி உயரம், ஏறத்தாழ ஒரு டன் எடை, 36 எனிக்மாவின் வேலையைச் சேர்ந்து செய்யும். டூரிங்கின் மூளை வேலை செய்த இடம் இது. சரியான விடையைத் தேடாமல் தப்பான விடைகளைத் தள்ளுவது. ஒரு பிளக் வயர் இங்கே போட்டிருப்பார்கள் என்று ஊகித்து அங்கே கரண்ட் விடுவார்கள். ஊகம் தப்பானால் ஒரே எழுத்து இரண்டு எழுத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற முரண் வரும். கரண்ட் பெரும்பாலும் எல்லா வயரிலும் பரவிவிடும். மெஷின் அடுத்த நிலைக்கு ஓடும். முரண் வராத இடத்தில் நிற்கும். நின்ற இடத்தை மனிதர்கள் சோதித்துப் பார்ப்பார்கள்.

இதைச் செய்து தந்தது லெட்ச்வொர்த் ஊரில் கணக்கு மெஷின் தயாரித்த கம்பெனி. இன்ஜினீயர் ஹரால்டு கீன். முதல் மெஷின் 1940 மார்ச்சில் வந்தது. கார்டன் வெல்ச்மன் என்ற சக ஊழியர் சொன்ன ஒரு குறுக்கு வயரிங் திருத்தத்தைச் சேர்த்த பிறகு அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து வேகம் பிடித்தது. யுத்தம் முடிகிறபோது இப்படி 200-க்கும் மேற்பட்ட மெஷின்கள் ஓடின. ஓட்டியவர்கள் பெரும்பாலும் கடற்படைப் பெண்கள். பிளெட்ச்லியில் உச்சகட்டத்தில் வேலை பார்த்த சுமார் 9,000 பேரில் நாலில் மூணு பங்கு பெண்கள்தான் என்பது குறிப்பிடத்தக்கது. நம் தங்கைகள் தைரியமாக இந்தத் துறைக்கு வரலாம்.

கடலில் நடந்தது

ஜெர்மன் கடற்படையின் எனிக்மாதான் கஷ்டமானது. யாரும் தொடத் தயங்கிய அந்த வேலையை டூரிங் தானாக எடுத்துக்கொண்டார். எட்டாம் எண் குடிலுக்குத் தலைவர் ஆனார். அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகள் சோற்றுக் கப்பல்களை முழுகடித்துக்கொண்டிருந்தன. ரகசியம் உடைந்த நாளில் கப்பல்களை வேறு வழியில் திருப்பி விடலாம். உடையாத நாளில் மாலுமிகள் சாவார்கள். கணக்குக்கு அப்படி ஒரு விலை.

ஆள் பற்றாக்குறை வந்தபோது அவர்கள் அடுத்த மேலதிகாரியோடு நிற்கவில்லை. 1941 அக்டோபர் 21-ஆம் தேதி டூரிங்கும் இன்னும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு நேராகப் பிரதமர் சர்ச்சிலுக்கே எழுதினார்கள். கேட்டதெல்லாம் உடனே கொடுக்கும்படி அவர் உத்தரவு போட்டார்.

1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நாலாவது சக்கரம் சேர்த்தன. இன்றைய பாஷையில் ஒரு அப்டேட். அவ்வளவுதான், பத்து மாதம் பிளெட்ச்லிக்குக் கண் கட்டின மாதிரி ஆகிவிட்டது. அந்த அக்டோபர் 30-ஆம் தேதி மத்தியதரைக் கடலில் முழுகிக்கொண்டிருந்த யு-559 என்ற நீர்மூழ்கிக்குள் ஃபாசன், கிரேசியர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கடற்படையினர் இறங்கிக் குறிப்பேடுகளை எடுத்துக் கொடுத்தார்கள். மேலே வாங்கி வைத்தது கப்பல் கேண்டீனில் வேலை பார்த்த 16 வயசு டாமி பிரவுன். பையன் பிழைத்தான். உள்ளே போன இருவரும் கப்பலோடு போனார்கள். அந்தக் குறிப்பேடுகளால் டிசம்பரில் பூட்டு மறுபடி திறந்தது. மேதை ஒருத்தரே எல்லாம் செய்தார் என்று யாராவது சொன்னால் இந்த மூன்று பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் செயினும் வெள்ளிக் கட்டியும்

டூரிங் கொஞ்சம் விநோதமான ஆள். மகரந்தம் ஒத்துக்காது என்று விஷவாயு முகமூடி போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். அந்தச் சைக்கிளில் செயின் அடிக்கடி கழலும். கடைக்குக் கொண்டு போகாமல், எத்தனை சுற்றுக்கு ஒரு தரம் கழலுகிறது என்று எண்ணினார். கணக்கு ஒரே மாதிரி வந்தது. சக்கரத்தில் வளைந்த ஒரு கம்பியும் செயினில் கெட்ட ஒரு கண்ணியும் சந்திக்கிற நேரம்தான் அது என்று கண்டுபிடித்தார். எனிக்மா சக்கரத்தைப் படித்ததும் இதே கண்தான். கோளாறு வந்தால் எரிச்சல்படாமல் எண்ணிப் பார்க்கிற குணம், பாதுகாப்பு கற்கிறவனுக்கு முதல் மூலதனம்.

அவரே சறுக்கிய இடமும் உண்டு. ஜெர்மானியர் படையெடுத்து வந்தால் பேங்க் பணம் போய்விடும் என்று பயந்து வெள்ளிக் கட்டிகள் வாங்கிக் காட்டில் புதைத்தார். இடத்துக்குச் சங்கேதக் குறிப்பு எழுதி வைத்தார். யுத்தம் முடிந்து மெட்டல் டிடெக்டரோடு போய்த் தேடியும் கிடைக்கவே இல்லை. ஒரு தேசத்தின் ரகசியத்தை உடைத்தவருக்குச் சொந்தப் புதையல் கைக்கு எட்டவில்லை! பூட்டினால் போதாது, திறக்கிற வழியையும் பத்திரமாக வைக்கணும்.

நாடு செய்த நன்றி

யுத்தத்தின் கடைசியில் பேச்சையே ரகசியமாக்கும் டிலைலா என்ற சிறு கருவியை ஓர் இளம் இன்ஜினீயரோடு சேர்ந்து கைப்படச் செய்தார். பிறகு கம்ப்யூட்டர் வடிவமைப்பு, 1948 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம், 1950-இல் எந்திரம் சிந்திக்குமா என்று ஆராயும் புகழ்பெற்ற கட்டுரை, 1951-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. ஓட்டத்திலும் சூரர். 1947-இல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினார்.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில் திருடனை விட்டுவிட்டு அவருடைய அந்தரங்கத்துக்குள் போனார்கள். அவர் தன்பால் ஈர்ப்பு கொண்டவர். அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தில் அது குற்றம். அவர் மறைக்கவில்லை. 1952 மார்ச் 31-ஆம் தேதி தண்டனை. ஜெயிலுக்குப் பதிலாக ஒரு வருஷம் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ரகசிய வேலைக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. நாட்டுக்கு அவர் செய்தது என்ன என்பதைக் கோர்ட்டில் சொல்லவும் வழியில்லை, அது இன்னும் அரசு ரகசியம். 1954 ஜூன் 7-ஆம் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயசு 41. தற்கொலை என்றது விசாரணை. வீட்டில் செய்துவந்த ரசாயனப் பரிசோதனையால் நேர்ந்த விபத்து என்றே போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் கடைசி வரை நம்பினார். 1959-இல் மகனின் வாழ்க்கையை அவரே புத்தகமாக எழுதினார். அதிலும் பிளெட்ச்லி வேலையை விவரிக்க முடியவில்லை. எனிக்மா கதை பரவலாக வெளியே வந்தது 1974-இல்தான்.

2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. 2021-இல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசு 1966 முதல் அவர் பெயரில்தான் தரப்படுகிறது. 1994-இல் அதைப் பெற்ற ராஜ் ரெட்டி நம் சென்னை கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். இந்தியாவுக்கு அதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து, மனம் ஒத்த பெரியவர்களை நம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018-இல்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

நண்பர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து ஆரம்ப நிலை மாணவனுக்கு நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் இவை.

1. அடிப்படையில் ஆரம்பியுங்கள். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது, நெட்வொர்க்கில் தகவல் எப்படிப் போகிறது, லினக்ஸ் கட்டளைகள், ஒரு புரோகிராமிங் மொழி. இதற்கு லேபில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். டூல் பிறகு வரட்டும்.

2. மெஷின் எப்படிச் செய்யப்பட்டது என்பதை ரகசியம் என்று நம்பாதீர்கள். எதிரி கையில் மெஷினே இருந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் வகுத்துவிட்டார். அதுதான் இன்றும் விதி.

3. மனிதப் பழக்கத்தைக் கவனியுங்கள். எனிக்மாவைக் கவிழ்த்ததில் தினசரி வானிலை அறிக்கைக்குப் பெரும் பங்கு. நம்ம பக்கம் திராட்சை வெட்டின காசு பேங்கில் விழுந்த மறுநாள் ஓ.டி.பி. கேட்டு வரும் போனும் அதே பழக்கத்தைத்தான் நம்புகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு ஓ.டி.பி. சொல்லக்கூடாது என்று புரிய வைப்பதும், பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுவதும்கூடப் பாதுகாப்பு வித்தைதான்.

4. உங்கள் சொந்த மெஷினில், அல்லது எழுத்தில் அனுமதி வாங்கிய மெஷினில் மட்டுமே பழகுங்கள். விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் கணக்கில் கை வைத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயிலோ ஐந்து லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

5. கடைசியாக, பூட்டுக்குள் இருப்பது யார் என்று பாருங்கள். ஒரு போனைத் திறக்கத் தெரிந்தவன் கையில் ஒரு பெண்ணின் படங்கள், ஒரு நண்பனின் கடன், ஒருவரின் நோய், ஒருவரின் காதல் எல்லாம் வந்து விழும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டூரிங்கை அழித்தது எந்த எதிரி நாடும் இல்லை. ஒரு மனிதனின் படுக்கையறையைக் கிண்டுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்த அவருடைய சொந்த நாடு.

லட்சக்கணக்கானோர் உயிரைக் காத்த ரகசியத்தைத் திறந்தவருக்கு, தன் ஒரே ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்ள இடம் கிடைக்கவில்லை. நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் பேங்கிலோ கம்பெனியிலோ போலீஸ் சைபர் பிரிவிலோ சாவிக்கொத்தைக் கையில் வாங்குவோம். அந்த நாளில் அடுத்த மனிதனின் கதவுக்கு முன்னால் நின்று, திறக்க முடியுமா என்பதோடு திறக்கலாமா என்றும் கேட்கிற டிப்ளமோக்காரனாக இருப்போம். படிப்போம், பழகுவோம், காப்போம்!



மூன்றாமாண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் பிரிவு,
காமயகவுண்டன்பட்டி